ஆயிரம் பேரில் எத்தனை பேர்?

சித்தூர்க்காரர்களுக்கு இதய வைத்தியம் என்றால் ஒரு பக்கம் வேலூர் சி.எம்.சி., மறுபக்கம் திருப்பதி ஸ்விம்ஸ். அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த ஆஸ்பிரினைத் தாமும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. பிரஷரோ சுகரோ இருந்தால், 'முன்ஜாக்கிரதை' என்று காரணமும் சொல்வார்கள்.

யாருக்கு எழுதிய மாத்திரை?

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஆஸ்பிரின் பலன் தருவது உறுதியானது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எதுவும் வராதவர் கதை வேறு. இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த 'அசெண்ட்' ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் பாதிப்பு 12 சதவீதம் குறைந்தது என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆயிரம் பேர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஏழு வருடத்துக்கு மேல் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 96 பேரிலிருந்து 85 ஆகின. கடுமையான ரத்தக்கசிவோ 32லிருந்து 41 ஆனது. தப்பியவர் 11, கூடுதலாக ரத்தம் கசிந்தவர் 9.

அலிபிரி படிகளும் சீட்டுக் குலுக்கலும்

"திருமலைக்கு அலிபிரியில் 3,550 படி ஏறுகிறவருக்கு மாரடைப்பு வராது" என்பார்கள். ஏற முடிந்தவர்தானே ஏறுகிறார்! இதய நோயாளிகள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே சொல்கிறது. காத்தது படியா, முன்பே இருந்த தெம்பா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் நல்ல ஆய்வில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களிடமும் அப்படி நடந்திருக்கிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையம் பங்கெடுத்த 'டிப்ஸ்-3' ஆய்வு, 2020இல் வெளியானது. 5,713 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியர்கள். மூன்று பிரஷர் மருந்துகளும் கொழுப்பு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையோடு ஆஸ்பிரினும் எடுத்தவர்களில், நாலரை வருடத்தில் ஆயிரத்துக்கு 41 பேருக்குப் பாதிப்பு. இரண்டையும் வெற்று மாத்திரையாகவே பெற்றவர்களில் 58. ஆஸ்பிரினை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் சிறிது. அது தற்செயலாகவும் இருக்கலாம். பலனில் பெரும்பங்கு பிரஷர், கொழுப்பு மருந்துகளுடையது என்பதே என் கணிப்பு.

வாய் கோணினால்

பக்கவாத அறிகுறி தெரிந்தால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே ஆபத்து. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகச் சொல்லுங்கள்.