லைன் வீட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்?

சிவனசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களுள் அது ஒன்று. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதி லைன் வீடுகள் பலவற்றின் பிழைப்பு பெங்களூரு ரயிலை நம்பியே ஓடுகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தால் மிச்சமாவது அந்த ரயில் பயணம். ஆகவே இங்கே இன்டர்நெட் என்பது படம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. அதற்குக் கொடுக்கும் மாதப் பணம் வீணாகக் கூடாது.

வேகத்தில் தொடங்குவோம். நெட்பிளிக்ஸ் முழு ஹெச்டி படத்துக்குக் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 5 எம்பிபிஎஸ்; 4கே படத்துக்கு 15. ஒரே நேரத்தில் டிவியில் ஹெச்டி படம், மகனுக்கு ஆபீஸ் வீடியோ மீட்டிங், மகளுக்கு யூடியூப் பாடம், பாட்டியின் போனில் சீரியல் என்று ஓடினாலும் 20 எம்பிபிஎஸ் போதும். டிவி 4கே என்றால் 30. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம். 200, 300 என்று விளம்பரம் சொல்வதை வாங்கினால் படம் கூடுதல் தெளிவாக வந்துவிடாது.

அப்படியானால் படம் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது? பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கும். லைன் வீடுகளில் ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடும்பங்கள். வீட்டுக்கு வீடு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பத்து ரௌட்டர்கள் அந்த மூன்றுக்குள் முண்டும்போது எல்லோருக்கும் வேகம் சரிகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். அது சுவரைத் தாண்டப் பலமில்லாதது என்பார்கள். சிறிய வீட்டுக்கு அந்தக் குறையே லாபம், பக்கத்து வீட்டு அலையும் நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. ஆகவே இரண்டு அலைவரிசையும் உள்ள டூயல் பேண்ட் ரௌட்டரைக் கேட்டு வாங்குங்கள். அதை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள்.

டிவி இடம் மாறாத பொருள். ரௌட்டரிலிருந்து அதற்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பல ஸ்மார்ட் டிவிகளின் கேபிள் வாய் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். 4கே படத்துக்கு அதுவே மிகுதி. டிவி கேபிளுக்குப் போனால் வைஃபை முழுவதும் போன்களுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்கும்.

கனெக்‌ஷன் கொடுக்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, ஃபைபர் வீடுவரை வருமா, அல்லது தெருக்கம்பத்துப் பெட்டியோடு நின்று அங்கிருந்து லேன் கேபிள் வருமா? பெட்டிக்கு மின்சாரம் தேவைப்பட்டால், கரண்ட் போகும்போது நம் வீட்டு யூபிஎஸ் பயன்படாது. ஃபைபர் வீடுவரை வந்தால், ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தே வேலையைத் தொடரலாம். இரண்டாவது, மாத டேட்டா வரம்பு எவ்வளவு? ஹெச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி, 4கே சுமார் 7 ஜிபி தின்னும். தினம் நாலு மணி நேரம் ஹெச்டி பார்த்தாலே மாதம் 360 ஜிபி. வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேளுங்கள். மூன்றாவது, பழுது என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?

மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதிலை அதே லைனில் கனெக்‌ஷன் வைத்திருப்பவர்தான் சொல்வார். இரவு ஒன்பது மணிக்கு, எல்லா வீட்டிலும் டிவி ஓடும் நேரத்தில், அவர் வீட்டில் படம் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அவர் வைத்திருக்கும் அதே கனெக்‌ஷனையே, குறைந்த திட்டத்தில், ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி எடுங்கள். போதவில்லை என்றால் வேகத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால், சேவை மோசமானாலும் விட்டுப்போக வழியில்லை.