பெயர்ப் பலகையில் பழைய எழுத்து

கடையின் பெயர்ப் பலகையே வணிகர் மக்களிடம் பேசும் முதற்சொல். அச்சொல்லைப் பழைய எழுத்துருவில் பொறிக்கும் விருப்பம் சிறு வணிகர் சிலரிடம் காணப்படுகிறது.

பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’ பாடநூல்களினின்று நீங்கியது. ஆயினும் கணினி எழுத்துருக்கள் சிலவற்றில் அவ்வடிவம் வாழ்கிறது.

அதனைக் கையாள்வோர் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது தெளிவு: புதுவடிவிலேயே கற்ற இளையோர் பழைய வடிவில் தடுமாறுவர். ஆதலின் பெயரை மட்டும் அவ்வாறு பெரிதாக எழுதி, முகவரியையும் விலையையும் இன்றைய வடிவில் தருதல் நன்று. இரண்டாவது நேர்மை: நேற்றுத் தொடங்கிய கடை எழுத்தினால் பாட்டனார் காலத்ததாகத் தோன்றலாகாது, தொடங்கிய ஆண்டை அருகே பொறிப்பதே முறை.

எழுத்து வாடிக்கையாளரை வாயில்வரை அழைக்கும். மீண்டும் வரச்செய்வது சரக்கின் தரமே.