சுறா ஈரலும் வஞ்சி மரப்பட்டையும்: மரம் தப்பிச்சது... சுறா ஏன் தப்பல?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மருந்துக்கடையிலும் பேண்டேஜ் துணி இருக்கும். அது பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்ததாகவே இருக்கலாம். ஆனால் அதே கடையில் உள்ள ஆஸ்பிரினின் கதை ஒரு மரத்தில் தொடங்குகிறது. சில க்ரீம்களின் கதையோ ஆழ்கடல் சுறாவில் தொடங்குகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கலாம்.

மரத்தின் கதை என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலை, வில்லோ இனத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியத்தின் வஞ்சி இதுதான் என்று சொல்வோரும் உண்டு. வில்லோ மரப்பட்டையில் வலி, காய்ச்சலைக் குறைக்கும் சாலிசின் இருக்கிறது. 1828-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் 1897-ல் ஆஸ்பிரின் உருவானது.

சுறாவிடம் என்ன இருக்கு?

சுறாவுக்கு மற்ற மீன்களைப் போல காற்றுப்பை கிடையாது. மூழ்காமல் இருக்க உதவுவது ஈரலில் உள்ள எண்ணெய்தான். 'கல்பர் ஷார்க்' போன்ற ஆழ்கடல் சுறாக்களின் ஈரல், உடல் எடையில் கால்வாசி வரைகூட இருக்கும். அந்த எண்ணெயில் நிறைய இருப்பது ஸ்குவாலீன். ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ இதைக் கண்டறிந்தார். முகப்பூச்சு க்ரீம்களிலும், சில ஃப்ளூ தடுப்பூசிகளிலும் இது சேர்க்கப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறா பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் பிடிக்கும் சுறாக்கள் கொச்சி துறைமுகத்திலும் இறங்குகின்றன.

அப்போ வித்தியாசம் எங்கே?

ஆஸ்பிரின் இப்போது தொழிற்சாலையில் ரசாயன முறையில்தான் தயாராகிறது. அதற்காக யாரும் மரப்பட்டையை உரிக்க வேண்டியதில்லை. அப்படியே வெட்டினாலும் வில்லோ மறுபடி துளிர்க்கும். கிளையை நட்டாலே மரமாகிவிடும்.

சுறாவின் நிலை வேறு. ஈரலை எடுக்க அதைக் கொன்றே ஆக வேண்டும். இந்த வகைச் சுறா பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். குட்டி சுமப்பது சுமார் 2 ஆண்டு. அதுவும் ஒரு ஈற்றில் ஒன்றோ, சிலவோதான். பிடிக்கும் வேகத்துக்குப் பிறக்கும் வேகம் ஈடு கொடுக்காது. அதனால்தான் கல்பர் ஷார்க் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

மாற்று வழி இல்லையா?

இருக்கு. ஆலிவ் எண்ணெயிலும், தண்டுக்கீரை இன விதைகளிலும் ஸ்குவாலீன் உண்டு. கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் இதே வகைப் பொருளைத் தயாரிக்கிறார்கள். நம் உடலேகூட கொஞ்சம் ஸ்குவாலீன் உற்பத்தி செய்கிறது!

அடுத்த முறை க்ரீம் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 'ஸ்குவாலீன்' அல்லது 'ஸ்குவாலேன்' என்று இருந்தால், தாவரத்தில் இருந்து எடுத்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மரத்துக்குக் கிடைத்த மாற்று வழி சுறாவுக்கும் இருக்கு. அது நாம் எதை வாங்குகிறோம் என்பதிலும் இருக்கு.