கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தியானம்

கல்யாண மண்டபம் நிறைய ஜனங்கள் கண்ணை மூடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினேன். "பசி தாங்காது போல!" என்று வாசலில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

பசியில்லை ஐயா. பயம்!

பனமரத்துப்பட்டியில் எங்களுக்கு அரளித் தோட்டம். விடியற்காலையில் மொட்டுப் பறித்து, சாக்கில் கட்டி, டெம்போவில் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகும். ஒருநாள் நானும் முன் சீட்டில் போனேன். எதிரே வந்த லாரி... அதற்கு மேல் விவரம் வேண்டாம். நசுங்கிய கேபினுக்குள் நானும் டிரைவரும். அவர் மூச்சு என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் கேட்கவில்லை.

கால் எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ராத்திரித் தூக்கம்தான் கூடவில்லை. "தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று ஆளாளுக்கு யோசனை. திகார் ஜெயிலிலேயே 1994-ல் கிரண் பேடி ஆயிரம் கைதிகளுக்கு மேல் உட்கார வைத்து விபாசனா சொல்லித் தர ஏற்பாடு செய்தாரே, நமக்கென்ன கேடு என்று நானும் போனேன்.

"கண்ணை மூடுங்கள். மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். கவனித்தேன். கேட்டது என் மூச்சில்லை. அந்த டிரைவரின் மூச்சு!

சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் வெட்கப்பட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தியானம் தப்பில்லை. உங்களுக்கு அதைக் கொடுத்த விதம்தான் தப்பு. காயத்துக்கு மேலேயே கையை வச்சு அழுத்தச் சொன்னா வலிக்காதா?" என்றார். பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவு உடம்பிலும் தங்கிவிடுகிறதாம். மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் உற்றுக் கவனித்தால், ஆபத்து இப்போதே நடக்கிற மாதிரி மூளை மணியடித்துவிடும். கண்ணையும் மூடிவிட்டால், 'இது மண்டபம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை' என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒன்றுமில்லாமல் போகிறது.

இது என் ஒருவன் கதையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் டேவிட் ட்ரெலெவன் என்பவர் 2018-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். கண் திறந்திருக்கலாம், மூச்சை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளலாம், நடுவில் எழுந்து போகலாம் என்கிறார். அட, நான் எழுந்து ஓடியதும் சாஸ்திரப்படி சரிதான்!

அமெரிக்கா வரை போவானேன்? போர் நடந்த யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் என்ற மனநல மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர், குண்டுவீச்சிலும் இழப்பிலும் நொந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல், ஜபம் என்று ஊரில் ஏற்கெனவே இருந்த முறைகளைக் கையாண்டார். எல்லோருக்கும் ஒரே மந்திரமில்லை. இந்து என்றால் 'ஓம்'. முஸ்லிம் என்றால் 'சுபஹானல்லாஹ்'. கிறிஸ்தவருக்கு ஜெபமாலை. பாட்டி மடியில் கேட்ட வார்த்தை என்றால் மனசு மிரளாது இல்லையா? போரில் வடுப்பட்ட மனங்களைப் பற்றி 1998-ல் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் பெயர் பெற்றது.

எனக்கு டாக்டர் வகுத்துக் கொடுத்தது இதுதான். முதலில் மாத்திரையும் பேச்சும், தியானம் அப்புறம். அதுவும் இரண்டே நிமிஷம். சுவரில் முதுகு சாய்ந்திருக்க வேண்டும், வாசல் கண்ணில் பட வேண்டும், பாதம் தரையில் அழுந்த வேண்டும். மூச்சுப் பக்கமே போகக் கூடாது. "எதைப் பார்த்தா உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வராது?" என்று கேட்டார். அரளிப் பூ என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது அதுதானே! யோசித்து, "ஜருகுமலை" என்றேன்.

அன்றிலிருந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறேன். மேகம் எங்கே நிற்கிறது, பாறை எந்த இடத்தில் வெளுத்திருக்கிறது என்று மெதுவாகக் கண்ணை ஓட்டுவேன். படபடப்பு வந்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ, உடனே நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவேன். நிறுத்துவது தோல்வியில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் புண்ணியம் என்று நினைக்கும் ஜாதி நாம். மூன்று தடவை சொன்னால்தான் ஏறும்!

டாக்டரைத் தேடிப் போக வழியில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022-ல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' 14416-க்கு இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

இரண்டு நிமிஷம் இப்போது பத்தாகியிருக்கிறது. போன மார்கழியில் ஒருநாள் பனியில் மலையே காணோம். "ஏனுங்க, இன்னிக்கு லீவா?" என்றாள் வீட்டுக்காரி. முறத்தில் அவள் அரிசி புடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டெம்போவில் இன்னும் ஏறவில்லை. பூச்சாக்கு டெம்போவில் முன்னால் போகிறது. நான் டவுன் பஸ்ஸில் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் போகிறேன்.