நீர்புகா உறையும் காணப்படா உழைப்பும்: ஆழ்கடற் கருவிகளின் பராமரிப்புப் பற்றிய ஒரு விளக்கம்

1

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெஸன், நியூற்றனின் பெருநூல் தோன்றியமைக்கான சமூக, பொருளாதார வேர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்த்தொழில் ஆகியன எழுப்பிய தொழினுட்பப் பிரச்சினைகளே அக்காலப் பௌதிகத்தின் ஆய்வுப்பொருளைத் தீர்மானித்தன என்பது அவரது வாதமாகும். விஞ்ஞானத்தை உற்பத்தியோடு இணைத்து நோக்கும் மரபு அக்கட்டுரையால் வலுப்பெற்றது. எனினும் அம்மரபினுள்ளும் தொடர்ந்து எழுப்பப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. ஒரு கருவி செய்யப்பட்ட பின்னர் அதனை நாள்தோறும் இயங்கும் நிலையில் வைத்திருப்போர் யாவர்? அவர்களிடமுள்ள அறிவு, அறிவாகக் கொள்ளப்படுகின்றதா?

இவ்வினாவுக்கு விடைகாண மிக எளிய பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். கடலினடியில் இடப்படும் விஞ்ஞானக் கருவிகளை நீரிலிருந்தும் அமுக்கத்திலிருந்தும் காக்கும் உறையே அது. அதன் அமைப்பையும், பயன்படுத்தும் முறையையும், பராமரிப்பையும் விளக்கி, அவ்விளக்கத்தினூடாக மேற்படி வினாவை அணுகுவது நமது நோக்கம்.

2

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடிச் செல்கின்றது. 1000 மீற்றர் ஆழத்தில் அது ஏறத்தாழ 100 வளிமண்டலங்களாகின்றது. அவ்வாழத்திலே 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்ட மூடியின் மீது ஏறத்தாழ 18 தொன் சுமை அழுத்தும். 6000 மீற்றர் ஆழத்தில் இடப்படும் 43 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளத்தின் இரு பாதிகளையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கும் விசையோ 900 தொன்னை அண்மிக்கின்றது.

இவ்வமுக்கம் கருவியை உடைப்பதோடு மாத்திரம் நில்லாது, உடையாத கருவியைப் பொய் சொல்லவும் வைக்கும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சலஞ்சர் கப்பல் எடுத்துச் சென்ற வெப்பமானிகளின் வரலாறு இதனை உணர்த்துகின்றது. அமுக்கத்தினால் குமிழ் நசியுமாயின், உள்ளிருக்கும் திரவம் மேலேறி, உள்ளதைவிடக் கூடிய வெப்பநிலையைக் காட்டும். இதனைத் தவிர்ப்பதற்காக மில்லர்-கசெல்லா வெப்பமானியிலே குமிழைச் சுற்றி இரண்டாவது கண்ணாடிக் குமிழ் ஒன்று அமைக்கப்பட்டது. இடைவெளியின் பெரும்பகுதியில் மதுசாரம் நிரப்பப்பட்டு, எஞ்சிய சிறு பகுதி ஆவிக்காக விடப்பட்டது. புறக்குமிழ் நசிந்தாலும் அந்நசிவு அகக்குமிழை எட்டாது. அதன் பின்னரும் எஞ்சியிருக்கக்கூடிய வழுவை ஆராயும் பொறுப்பு பயணம் முடிந்ததும் பீற்றர் கத்ரி ரெய்ற் என்னும் பௌதிக அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது: உறை என்பது அளவீட்டுக்குப் புறம்பான போர்வையன்று, அளவீட்டின் ஒரு பகுதியே அது.

ஆழ்கடல் பற்றிய இவ்வக்கறை வெறும் அறிவுவேட்கையினால் மட்டும் எழுந்ததன்று. 1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தினூடாக நிலைபெற்ற தந்திக் கம்பியும் அதனைத் தொடர்ந்தவையும், கடலடித் தரையின் இயல்பை அறியவேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தின. அக்கம்பிகளை நீரிலிருந்து காத்தது மலாயத் தீவகத்துக் காட்டு மரங்களிலிருந்து பெறப்பட்ட கட்டாபேர்ச்சா என்னும் பால்பிசின். அதனைப் பெறுவதற்காக மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. ஏகாதிபத்தியத்தின் செய்தித் தொடர்புக்கு நீர்புகா உறையை வழங்கியது குடியேற்ற நாடுகளின் காடும், அக்காட்டிலே உழைத்தோரின் கையுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இன்றைய உறைகள் பெரும்பாலும் உருளை அல்லது கோள வடிவின. ஆழங்குறைந்த நீருக்குக் கடினமான பிளாஸ்ரிக்கும், இடைத்தர ஆழங்களுக்கு மேற்பரப்பு ஒட்சியேற்றப்பட்ட அலுமினியமும், பேராழங்களுக்குத் தைத்தேனியமும் தடித்த கண்ணாடிக் கோளங்களும் பயன்படுகின்றன. உறை எதனாற் செய்யப்பட்டதாயினும், உடற்பகுதியும் மூடியும் சந்திக்கும் இடமே அதன் உயிர்நிலை.

உலோக உறைகளில் இவ்விடத்தைக் காப்பது ஓ-றிங் எனப்படும் இறப்பர் வளையம். டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்ரென்ஸன் 1937இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1939இல் அது வழங்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க அரசாங்கம் அவ்வுரிமையைத் தன்வசமாக்கி ஏனைய உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டது.

வளையம் ஒரு தவாளிப்பினுள் அமர்கின்றது. மூடி பொருந்தும்போது அது ஓரளவு நசிகின்றது. வெளிநீரின் அமுக்கம் அதனைத் தவாளிப்பின் மறுபுறச் சுவரை நோக்கித் தள்ள, அது இடைவெளியை மேலும் இறுக அடைக்கின்றது. உட்புக முனையும் விசையே, வாயிலை அடைக்கும் விசையாகவும் தொழிற்படுகின்றது. முரண்களின் ஐக்கியத்துக்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது. இதற்கு ஒரு நடைமுறை விளைவும் உண்டு. கசிவு பேராழத்தில்தான் நிகழும் எனப் பலர் கருதுவர். ஆனால் அமுக்கம் குறைந்த முதற்சில மீற்றர்களிலே வளையம் இன்னும் இறுக அமர்ந்திராது. எனவே அங்கும் கசிவு தொடங்கலாம். உறையைச் சற்று ஆழத்துக்கு இறக்கிச் சிறிது நேரம் வைத்துப் பார்த்த பின்னரே மேலும் இறக்கும் வழக்கத்தின் காரணம் இதுவே.

ஆயினும் வளையத்தின் குறுக்கே ஒரு தலைமயிர் கிடக்குமாயின், எவ்வளவு அமுக்கமும் அதனைச் சீர்செய்யாது. மயிரின் இருபுறமும் நீர் செல்லச் சிறு வழி திறந்தேயிருக்கும். மணற்றுகள், காய்ந்த உப்புப் பளிங்கு, துணியின் நூலிழை ஆகியனவும் அவ்வாறானவையே. ஆகவே மூடுவதற்கு முன்னர்க் கைகளைக் கழுவி, வளையத்தை விரலாலோ மென்மையான பிளாஸ்ரிக் தகட்டாலோ வெளியே எடுத்தல் வேண்டும். ஊசியையும் திருகாணி முறுக்கியையும் பயன்படுத்தலாகாது. வளையத்தின் விலை சொற்பம். தவாளிப்பில் விழும் கீறலோ உறை முழுவதையும் பயனற்றதாக்கிவிடக் கூடும். தவாளிப்பையும் அதற்கெதிரான பரப்பையும் நூலுதிராத துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்திற் பார்வையிடல் வேண்டும். அதன்பின் வளையத்தை இரு விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டுப் பார்ப்பர். கண்ணுக்குப் புலப்படாத வெட்டு விரலுக்குப் புலப்படும்.

கிறீஸ் பூசுவதிலும் தவறான எண்ணம் ஒன்று நிலவுகின்றது. நீரைத் தடுப்பது கிறீஸ் அன்று, வளையமே. வளையம் முறுகாது வழுக்கி அமர்வதற்கே கிறீஸ் தேவைப்படுகின்றது. அதன் மேற்பரப்பு பளபளக்கும் அளவு போதுமானது. மிகையான கிறீஸ் மணலைப் பற்றிக்கொள்ளும். நைத்திரைல் இறப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் கிறீஸ் ஏற்றது. சிலிக்கோனாலான வளையத்தை அதே கிறீஸ் ஊதச் செய்து பழுதாக்கும். திருகாணிகளை ஒரு பக்கமிருந்து வரிசையாக இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குதல் முறை.

4

உறையினுள் நீர் புகாவிட்டாலும் நீர் உள்ளேயே இருக்கலாம். வெப்பவலயக் கடற்கரையொன்றில், 30 பாகை செல்சியசில், ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதாக உள்ள வளியோடு 30 லீற்றர் கொள்ளளவுள்ள உறை மூடப்படுவதாகக் கொள்வோம். அவ்வளியில் ஏறத்தாழ 0.7 கிராம் நீராவி அடங்கியிருக்கும். ஆழ்கடலின் 4 பாகைக் குளிரில் அவ்வளி 0.2 கிராம் அளவையே தாங்கவல்லது. எஞ்சிய அரைக் கிராம் மின்சுற்றுக்களின் மீது பனித்துளியாகப் படியும். இதனாலேயே உறையைக் குளிரூட்டி உலர்த்திய அறையில் மூடுவதும், உள்வளியை உலர்ந்த நைதரசனால் மாற்றுவதும், புதிதாக உலர்த்திய சிலிக்கா ஜெல் பொதிகளை உள்ளிடுவதும் வழக்கமாயின.

மூடிய பின் செய்யப்படவேண்டிய சோதனை எளியது. சிறு துவாரத்தினூடாக உள்வளியின் ஒரு பகுதியை உறிஞ்சி, அமுக்கமானியின் முள் அசையாது நிற்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். வெப்பநிலை மாறாதிருக்க முள் அசையுமாயின் உறை கடலுக்குத் தகுதியற்றது. கண்ணாடிக் கோளத்தில் இவ்வெற்றிடமே இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றது. அங்கு இறப்பர் வளையம் இன்றி, நுண்ணிதாகத் தேய்க்கப்பட்ட கண்ணாடி விளிம்பு கண்ணாடி விளிம்பின் மீது நேரே அமரும். வெளியே ஒட்டுப்பட்டை சுற்றப்படும். விளிம்பில் விழும் சிறு சிதைவும் ஆபத்தானது.

கண்ணாடியின் ஆபத்து அது தனியே உடைவதோடு முடிவதில்லை. 2001 நவம்பர் 12ஆந் திகதி ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்திலுள்ள நீர்த்தாங்கியில், ஒளியுணர் குழாயொன்று உடைந்தது. அவ்வதிர்ச்சியலை அயலிலிருந்தவற்றை உடைக்க, 6000க்கு மேற்பட்ட குழாய்கள் சங்கிலித் தொடராக நொறுங்கின. அத்தாங்கியின் ஆழம் ஏறத்தாழ 40 மீற்றர் மாத்திரமே. பின்னர் ஒவ்வொரு குழாயும் தனித்தனி உறையினுள் வைக்கப்பட்டது.

5

கருவி கடலிலிருந்து மீண்டதும் பராமரிப்பின் மறுபாதி தொடங்குகின்றது. உப்புநீர் காய்வதற்கு முன்னரே உறையை நன்னீரில் ஊறவைத்துக் கழுவுதல் வேண்டும். காய்ந்த உப்பு, மூடியின் இடுக்கிலே பளிங்காகிவிடும். விசையோடு பீச்சும் நீர் அழுக்கை இடுக்கினுள்ளே தள்ளுமாதலால் அதனைத் தவிர்த்தல் நன்று. அலுமினிய உறையிலே துருப்பிடியா உருக்குத் திருகாணி நேரடியாகத் தொடுமாயின், கடல்நீரில் அவ்விரண்டும் ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்குமிடையே பிளாஸ்ரிக் வளையம் இடுவதும், தான் அரிபட்டு உறையைக் காக்கும் நாகத் துண்டொன்றைப் பொருத்துவதும் இதற்கான பரிகாரங்கள். நாகம் தேய்ந்தபின் மாற்றப்படாவிடின் அடுத்து அரிபடுவது உறையே.

திறக்கும் வேளையே மிக்க அவதானத்தை வேண்டுவது. ஆழத்தில் நீர் புகுந்த உறை மேலே வரும்போது, புகுந்த வழி அடைபட்டு, உள்ளே உயர் அமுக்கம் சிறைப்பட்டிருக்கக் கூடும். நீர்பட்ட இலிதிய மின்கலங்களும் வாயுவை வெளிவிடும். அத்தகைய உறையின் மூடி துப்பாக்கிக் குண்டு போற் பாயும். எனவே எந்த உறையையும் ஐயத்துடனேயே அணுகுதல் வேண்டும். மூடிக்கு நேரே நில்லாமல், அமுக்கம் வெளியேறும் வழியை முதலில் திறந்து, திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதே முறை. இம்முறையைக் கற்றுக்கொள்ளாதோர் இழப்பது கருவியை மாத்திரமன்று.

6

மேற்கூறியவற்றில் எதுவும் கடினமான கோட்பாடன்று. ஆயினும் இவற்றுள் ஒன்று தவறினும் பல மாதங்களின் தரவுகள் அழிந்துபோகும். சென்ற மாதத்துக் கடலை மீண்டும் அளத்தல் இயலாது. இவ்வறிவு பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் இடம்பெறாத தொழினுட்பவியலாளரிடமும் கப்பற் பணியாளரிடமும் விரலுணர்வாக வாழ்கின்றது. மூளையுழைப்பையும் கையுழைப்பையும் பிரித்துவைத்த சமூகம், வளையத்தை அறிந்தவனையும் முடிவெடுப்பவனையும் பிரித்து வைத்துள்ளது. அப்பிரிவின் விளைவை 1986 சனவரி 28ஆந் திகதி உலகம் கண்டது. குளிரில் இறப்பர் வளையம் விறைத்து அடைக்கும் தன்மையை இழக்கக்கூடும் என்று பொறியியலாளர் முந்திய இரவில் எச்சரித்தனர். முகாமையாளர் அதனைப் புறக்கணித்தனர். சலஞ்சர் விண்ணோடம் எழுவருடன் அழிந்தது. அது சலஞ்சர் ஆய்வுக் கப்பலின் பெயரைத் தாங்கிய ஓடமாகும்.

நமக்கு மிக அண்மையான உதாரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுமாத்திரா அருகே கடலடி அதிர்ந்தபோது, கடலடி அமுக்கமானிகள் மூலம் ஆழிப்பேரலையை உணரும் நிலையங்கள் பசுபிக் சமுத்திரத்தில் இயங்கின. இந்து சமுத்திரத்தில் ஒன்றுதானும் இருக்கவில்லை. அலை இலங்கையின் கீழைக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. எச்சரிக்கையின்றிக் கழிந்த அந்த இரண்டு மணி நேரத்தின் முடிவில் 30,000க்கு மேற்பட்டோர் இந்நாட்டில் மடிந்தனர். 2006 டிசம்பரில் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில் அத்தகைய நிலையமொன்று இடப்பட்டது. 2007இல் இந்தியா ஐதராபாத்தில் தனது எச்சரிக்கை நிலையத்தைத் தொடக்கியது.

ஆனால் இடுவது வேறு, காப்பது வேறு. 2018 செப்ரெம்பர் 28ஆந் திகதி இந்தோனேசியாவின் பாலு நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்நாட்டின் எச்சரிக்கை மிதவைகள் 2012 முதல் இயங்கவில்லை என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். சேதப்படுத்தலும் பராமரிப்புக்கான நிதியின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பாலுவில் அலை சில நிமிடங்களிலே கரையை அடைந்தமையால், மிதவைகள் இயங்கியிருப்பினும் அங்கு பெரும்பயன் விளைந்திராது. ஆனால் தொலைவிலிருந்து வரும் அடுத்த அலைக்கும் அந்நாடு ஆயத்தமற்றிருந்தது என்பதே இங்கு முக்கியமானது.

கருவியை நிறுவுவதற்கு நன்கொடை கிடைக்கின்றது, விழா நடக்கின்றது, பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகின்றது. ஆண்டுதோறும் வளையத்தை மாற்றவும், நாகத்துண்டைப் பொருத்தவும், கப்பலை அனுப்பவும், அவற்றைச் செய்வோருக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் வழங்கவும் பணம் கிடைப்பதில்லை. பராமரிப்பு புதிய பண்டம் எதனையும் ஈனுவதில்லையாதலால், இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட கணக்கில் அது வெறும் செலவாகவே தோன்றுகின்றது. மக்கள் உயிரை அளவுகோலாகக் கொள்ளுமிடத்து அது உற்பத்தியே. அழிவுக்கெதிராக நாள்தோறும் நிகழ்த்தப்படும் உற்பத்தி. எனவே கடலியற் கருவிகளுக்கான எத்திட்டத்திலும் பராமரிப்புச் செலவும், அதனைச் செய்வோரின் தொழிலுரிமையும், கருவி தகுதியற்றதெனக் கூறி அதனைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் தொடக்கத்திலேயே எழுதப்படுதல் வேண்டும். விரலாற் கண்டறிந்த வெட்டினைப் பற்றித் தொழினுட்பவியலாளர் ஒருவர் கூறும் சொல், ஆய்வாளரின் சொல்லுக்கு நிகரான நிறையைப் பெறும்போதே நீர்புகா உறை அதன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.