மழைக்காலத்தில் வர்ணம் உலர்த்தும் பெட்டி

புனே நகரில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர் முதல் மழைக்காலத்தில் இரண்டு பொருள்களால் ஏமாற்றமடைவது வழக்கம். ஒன்று அப்பளம், மற்றொன்று வர்ணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டும் எளிதில் உலர்வதில்லை.

கோத்ரூட் பகுதியில் 1998-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜோஷி சிறு ரயில் காட்சிச்சாலையைக் கண்டு திரும்பிய நம் வீட்டுப் பிள்ளைகள், அவ்வாண்டு நவராத்திரிக் கொலுவில் நீலகிரி மலை ரயில் ஓட வேண்டும் என்று பிடிவாதம் செய்தனர். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி இரண்டு பெட்டிகள் செய்தோம். முதலில் வெண்மஞ்சள் பூசி, அது உலர்ந்த பின் ஒட்டுநாடாவால் மறைத்து, அடிப்பகுதிக்கு நீலம் பூச வேண்டும். கொலுவுக்கு நான்கு நாட்களே இருந்தன. வெளியே ஓயாத மழை. தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி நாடாவை ஒட்டிப் பிரித்தோம். வெண்மஞ்சள் நாடாவோடு உரிந்து வந்துவிட்டது. மறுபடி பூசி, அவசரத்தில் ஒரு பெட்டியை அடுப்பருகே வைத்தோம். அது வாழைச்சருகு போல் வளைந்து போயிற்று.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம், அதிலுள்ள நீர் ஆவியாவதால் உலர்கிறது. எனாமல் வர்ணத்திலோ முதலில் கரைப்பான் ஆவியாகும். பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் காற்றின் பிராணவாயுவோடு கூடி மெல்ல இறுகும். முன்னதற்கு வறண்ட காற்று வேண்டும். பின்னதற்குப் புதிய காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். 25 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 36 சதவீதமாகத் தாழும். காற்றின் தாகம் கூடுகிறது எனலாம்.

இதற்கு ஒரு பழைய மரப்பெட்டி போதும். அடிப்பக்கத்தில் சில துளைகளும், மேற்பக்கத்தில் சில துளைகளும் இட வேண்டும். சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதுக்காற்று நுழையும். உள்ளே பீங்கான் ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது தரும் வெப்பம் சொற்பம். பல்பு மரத்தில் படாதிருக்க வேண்டும். பல்புக்கும் மாதிரிக்கும் நடுவே தகரத் தடுப்பு வைத்து, மாதிரியைக் கம்பிவலைமேல் நிறுத்துக. மூடிய பெட்டியாதலால் தூசியும் படியாது. இது எதிர்பாராத இலாபம்.

வெப்பமானி ஒன்று கட்டாயம் தேவை. 40 டிகிரியைத் தாண்டவிடலாகாது. மாதிரிகளுக்குப் பெரிதும் பயன்படும் பாலிஸ்டைரின் 100 டிகிரியை நெருங்கும்போது இளகும். மெல்லிய பாகங்கள் அதற்கு முன்பே வளையக்கூடும். வெப்பம் மிகுந்தால் வேறொரு கேடும் உண்டு: தடித்த பூச்சின் மேற்பரப்பு மட்டும் ஆடைபோல் இறுகிச் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஆகவே மெல்லிய பூச்சுகளாகவே பூசுக.

எனாமல் பூசியவுடன் பெட்டியில் வைத்தல் ஆபத்து. தின்னரின் ஆவி தீப்பற்றும் தன்மையது. திறந்த சன்னலருகே அரைமணி நேரமாவது வைத்து, நெடி பெரிதும் அடங்கிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும். உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுக.

உலர்ந்ததை அறிய விரலைவிட மூக்கே நம்பத்தக்கது. முகர்ந்தால் வர்ண வாடை இருக்குமானால் நாடா ஒட்டக் கூடாது. அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் தேறியது. எனாமலுக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது.

கொலுவன்று எஞ்சிய பெட்டி நீலமும் வெண்மஞ்சளுமாய்த் தண்டவாளத்தில் நின்றது. வளைந்ததை எறியப் பிள்ளைகள் இணங்கவில்லை. பழுது பார்க்க வந்த வண்டி என்று சொல்லி அட்டைப் பணிமனையின் வாயிலில் நிறுத்திவிட்டனர்.