பியானோ பயிற்சி: பிழை பிறக்கும் இடம்

மூன்றே மூன்று பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு சிறு பகுதி. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து எடுத்தது; நீளம் குறைவென்றாலும் விரல்களை நன்றாகச் சிக்க வைக்கும். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ராபர்ட் டியூக் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அதை 17 பியானோ மாணவர்களிடம் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயிற்சி செய்யலாம், போதும் என்று தோன்றினால் எழுந்து போய்விடலாம், மறுநாள் வந்து வாசித்துக் காட்ட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். சிலர் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். சிலர் அதைப்போலப் பல மடங்கு நேரம் உட்கார்ந்து வாசித்தார்கள்.

2009-ல் வெளியான முடிவு பல ஆசிரியர்களை யோசிக்க வைத்தது. பயிற்சி செய்த நேரத்துக்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் சம்பந்தம் தெரியவில்லை. எத்தனை தடவை திரும்பத் திரும்ப வாசித்தார்கள் என்பதும் கணக்கில் வரவில்லை. முதல் மூன்று இடம் பிடித்தவர்களும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே தப்புத் தப்பாகத்தான் வாசித்திருந்தார்கள். ஆனால் தப்பு வந்ததும் அங்கேயே நின்றார்கள். எந்த ஸ்வரத்தில், எதனால் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் எடுத்து, வேகத்தைக் குறைத்து, பிழை அடியோடு போகும்வரை விடாமல் வாசித்தார்கள்.

வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. பிள்ளை முதல் வரியிலிருந்து தொடங்கும். ஐந்தாவது வரியில் இடறும். உடனே மறுபடி முதல் வரிக்கு ஓடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருந்த முதல் வரி இன்னும் மெருகேறியிருக்கும். ஐந்தாவது வரியில் இடறுவதும் அதே அளவுக்குப் பழகியிருக்கும்.

பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். ஆனால் அது காதில் விழும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. சி மேஜர் ஸ்கேலையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து வாசிக்கும் இந்த வரிசை நம் சங்கராபரண ஆரோகணம்தான். பியானோவில் பெருவிரலுக்கு எண் 1, சுண்டுவிரலுக்கு 5. வலது கையில் ஸ, ரி, க மூன்றும் 1, 2, 3 என்று வரிசையாக விழும். அடுத்து வரும் மத்யமத்துக்குப் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு இங்கேதான் தட்டும்: ஒலி 'டங்' என்று முரட்டுத்தனமாக விழும், இல்லையென்றால் ஒரு கணம் பிந்தும்.

அந்த மத்யமத்தை மட்டும் நூறு முறை அழுத்தினாலும் சரியாகாது. ரி-யை இரண்டாம் விரல் அழுத்தும்போதே பெருவிரல் உள்ளே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் புதியவர்களிடம் அது அப்படியே இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் முழங்கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. ரி, க, ம என்ற மூன்றை மட்டும் தனியே பிரித்து, பெருவிரல் எப்போது கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டே மெதுவாக வாசித்தால், சில நிமிடங்களில் கை புரிந்துகொள்ளும்.

பாரிஸில் பியானோ பாடம் நடத்திவந்த இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். சி மேஜரைத்தான் அவர் கடைசிக்குத் தள்ளினார். கறுப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜர் முதலில் வரும். நீளமான நடுவிரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகள் மீது இயல்பாக உட்கார்ந்துகொள்ள, பெருவிரலுக்கு அடியில் தாராளமாக வழி கிடைக்கிறது.

மெதுவாக வாசிப்பது தொடக்க வகுப்போடு முடிந்துபோகும் சங்கதி என்று நினைப்பவர்கள் ராக்மானினோவைப் பற்றிக் கேட்க வேண்டும். 20-ம் நூற்றாண்டின் மாபெரும் பியானோக் கலைஞர்களில் ஒருவர் அவர். அமெரிக்கக் கலைஞர் ஆப்ராம் சேசின்ஸ் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. என்ன உருப்படி என்றே சேசின்ஸுக்குப் பிடிபடவில்லை. சற்று நின்று கேட்ட பிறகுதான், அது மின்னல் வேகத்தில் வாசிக்க வேண்டிய ஷோப்பானின் எட்யூட் (பயிற்சி உருப்படி) என்று தெரிந்தது. ஒரு பாருக்குச் சுமார் 20 நொடி! அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயிற்சி நீடித்ததாக சேசின்ஸ் எழுதியிருக்கிறார். சரளிவரிசையை முதல் காலத்தில் நிறுத்திப் பாடி, நன்றாகப் பதிந்த பிறகு இரண்டாம் காலத்துக்கு ஏற்றும் கர்நாடக இசை மாணவர்களுக்கு இது புதிதாக இராது.

கட்டையைத் தொடாமலும் கொஞ்சம் சாதகம் செய்யலாம். 1995-ல் நரம்பியல் ஆய்வாளர் ஆல்வாரோ பஸ்குவல்-லியோனின் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஒரு குழு தினம் 2 மணி நேரம், 5 நாள் வாசித்தது. இன்னொரு குழு கையை அசைக்காமல் அதையே மனதுக்குள் வாசித்தது. விரல்களை இயக்கும் மூளைப்பகுதியில் ஏற்பட்ட மாற்றம் இரு குழுவிலும் ஒத்திருந்தது. வாசிப்பில் மனப்பயிற்சிக் குழு கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும், ஒரே ஒரு தடவை 2 மணி நேரம் கருவியில் பயின்றதும் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது நொட்டேஷன் தாளை எடுத்து விரல் எண்களோடு மனதில் ஓட்டிப் பார்ப்பது வீண்போகாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் ஷூமன் சாட்சி. 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலது கை விரல் செயலிழந்தது; மேடைக் கலைஞராகும் கனவு அத்தோடு முடிந்தது. விரலை வலுவாக்க ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பயின்றதுதான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அவர் இசையமைப்பாளராகப் புகழ்பெற்றது பிறகு. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது தன் மாணவர்களுக்கு ஷோப்பான் விதித்த வரம்பு. கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்தால், இடையில் கைக்கும் காதுக்கும் ஓய்வு கிடைக்கும்.

சில பிழைகளுக்கு வேர் கருவியிலேயே இருக்கும். அசல் பியானோவின் கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். 61 கட்டை கொண்ட சாதாரண கீபோர்டில் லேசாகத் தொட்டாலே ஒலி வந்துவிடும். சில மாடல்களில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலிதான். நான்காம் விரலின் பலவீனம் அதில் வெளியே தெரியாது. கிரேடு தேர்வு அறையில் 88 கட்டைப் பியானோ முன் உட்காரும்போதுதான் அது அம்பலமாகும். எடையுள்ள கட்டைகளோடு வரும் டிஜிட்டல் பியானோ வாங்க வசதி இல்லாதவர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆசிரியர் வீட்டிலோ இசைப்பள்ளியிலோ அசல் பியானோவில் வாசிக்க வாய்ப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.